காதில் மாட்டிய கிளிப்பும் நான் தொலைத்த ஐந்து மாதமும்

முதலில் பாதத்தில்தான் ஆரம்பித்தது. எனக்கு அப்போது 67 வயது. குளித்துவிட்டு வந்து நின்றால் காலுக்கு அடியில் ஏதோ துணி ஒட்டியிருப்பது போல இருக்கும். குனிந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. ராத்திரியில் விரல் நுனிகளில் ஊசி ஊசியாகக் குத்தும். கூடவே தூக்கம் கெட்டது, படுக்கையிலிருந்து எழுந்தால் கிறுகிறுவென்று வந்தது, சில நேரம் நெஞ்சு படபடத்தது. மனைவி போய் நாலு வருடம் ஆகிறது, மகன் வெளியூரில். “எப்படிப்பா இருக்கீங்க?” என்று அவன் போனில் கேட்டால், “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்பதுதான் என் வழக்கமான பதில். வயதானால் இதெல்லாம் வரும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்தில்தான் டாக்டரிடம் போக வேண்டியவன் ராத்திரி இரண்டு மணிக்குப் போனைத் தடவிக்கொண்டிருந்தேன். அப்போது கண்ணில் பட்டதுதான் காதில் மாட்டும் அந்தக் கிளிப். தினமும் இருபது நிமிடம் மாட்டினால் போதும், வேகஸ் நரம்பு விழித்துக்கொள்ளும், தூக்கம், படபடப்பு, கால் மரத்துப்போவது எல்லாம் சரியாகும் என்றது விளம்பரம்.

அதில் சொன்னதில் பாதி உண்மை. சங்கடமே அங்கேதான். முழுப் பொய்யாக இருந்திருந்தால் முப்பத்தொரு வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த எனக்கு மூக்கு வேர்த்திருக்கும். வேகஸ் என்பது மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் 12 ஜோடி நரம்புகளில் பத்தாவது. தொண்டை, இதயம், நுரையீரல், குடல் என்று ஊரெல்லாம் சுற்றுவதால், லத்தீனில் ‘அலைந்து திரிவது’ என்ற பொருளில் அந்தப் பெயர் வந்தது. இதயத் துடிப்பை நிதானப்படுத்துவதும் செரிமானத்தை நடத்துவதும் அதன் வேலைகளில் சேரும். அதன் சின்னக் கிளை ஒன்று காதுக்கும் வருகிறது. காது குடையும்போது சிலருக்குத் திடீரென்று இருமல் வருமே, அது இந்தக் கிளையின் கைங்கரியம்தான். உடலுக்குள் கருவி பதித்து வேகஸைத் தூண்டும் சிகிச்சைக்கு அமெரிக்காவில் 1997-இல் வலிப்பு நோய்க்காகவும், 2005-இல் மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்காகவும், 2021-இல் பக்கவாதத்தால் கை பலமிழந்தவர்களுக்குப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுப்பதற்காகவும் அனுமதி கிடைத்தது. கழுத்தில் வெளியே வைத்துப் பிடிக்கும் கருவி ஒன்றுக்கு 2017-இல் ஒருவகைக் கொடூரமான தலைவலிக்காக அனுமதி தந்தார்கள். இவை எதுவும் காதுக் கிளிப் இல்லை, இவற்றில் எதுவும் பாதம் மரத்துப்போவதற்கும் இல்லை. ஆனால் விளம்பரம் இத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கடைசியில் கிளிப்பின் படத்தைப் போட்டிருந்தது. யாரோ ஒருவர் கணக்கில் வந்த வரவை இன்னொருவர் பேரில் எழுதுகிற வேலை அது. ஆபீஸில் இதை யாராவது செய்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன்.

என்னைச் சாய்த்தது இன்னொரு தகவல். 2019-இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காது வழியாக இந்தத் தூண்டலைக் கொடுத்துப் பார்த்தார்கள், நாம் சொல்லாமலே இதயத்தையும் செரிமானத்தையும் நடத்தும் தன்னியக்க நரம்பு மண்டலத்தின் சமநிலை கூடியது என்று போட்டிருந்தார்கள். அந்த ஆய்வு நிஜம். வயது ஏற ஏறப் பரபரப்பைக் கூட்டும் பக்கம் ஓங்கி, அமைதிப்படுத்தும் வேகஸ் பக்கம் தளர்கிறது, அதைத் திருப்ப முடியுமா என்பதுதான் அவர்கள் கேள்வி. பிறகு நிதானமாகப் படித்தபோதுதான் மற்ற விவரம் தெரிந்தது. தினம் 15 நிமிடம், இரண்டே வாரம், 29 பேர், எல்லாரும் ஆரோக்கியமானவர்கள். கால் மரத்துப்போனதைச் சரிசெய்வதாக அவர்கள் எங்கேயும் சொல்லவில்லை. மின்துடிப்பு கொடுத்த இடம், காதுத் துவாரத்துக்கு முன்னால் கதவு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னக் குருத்தெலும்பு. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

போனில் பேசிய பெண் அவ்வளவு பணிவு. “ஐயா, எங்க அப்பாவே இதைத்தான் யூஸ் பண்றாரு” என்றாள். ஐந்து நிமிடத்தில் என் மகனைவிட அதிகமாக என் தூக்கத்தைப் பற்றி விசாரித்தாள். அந்த விசாரிப்புக்காகவே வாங்கினேனோ என்று இப்போது தோன்றுகிறது. அவள் கேட்காதவை மூன்று: என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், இதயத்தில் ஏதாவது பிரச்சினை உண்டா, பேஸ்மேக்கர் வைத்திருக்கிறேனா. பேஸ்மேக்கரோ காதுக்குள் பதித்த செவிக்கருவியோ வைத்திருப்பவர்களும், இதயத் துடிப்பு ஏற்கெனவே மெதுவாக இருப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. இது பெட்டிக்குள் வந்த கையேட்டின் கடைசிக்கு முந்தைய பக்கத்தில், எறும்பு சைஸ் எழுத்தில் இருந்தது. ஆக, பணம் கட்டுவதற்கு முன்னாலேயே கையேட்டை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அனுப்ப மாட்டோம் என்றால் அதுவே பதில். பெட்டியின் மேல் எஃப்டிஏ ரெஜிஸ்டர்டு என்று பெரிதாகப் போட்டிருந்தது. எஃப்டிஏ என்பது மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பு. ரெஜிஸ்டர்டு என்றால் அந்த நிறுவனம் தன் பெயரையும் பொருளையும் அங்கே பதிந்து வைத்திருக்கிறது என்பதுதான். பொருள் வேலை செய்கிறது என்று அவர்கள் பார்த்துச் சொன்னதாக ஆகாது. இது தெரியாமல் ஒரு மாதப் பென்ஷனுக்கும் கொஞ்சம் மேலே கட்டினேன். 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால் பணம் வாபஸ் என்றார்கள். முழுப் பலன் தெரிய 90 நாள் ஆகும் என்றும் சொன்னார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

சரி, வாங்கியாயிற்று. ராத்திரி ஒன்பது மணிக்கு விளக்கைக் குறைத்துவிட்டு, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கிளிப்பை மாட்டிக்கொள்வேன். காதில் ஓரமாக எறும்பு ஊர்வது போல இருக்கும். கையேடு மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொன்னது, அதையும் செய்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், முதல் மூன்று வாரம் நன்றாகத் தூங்கினேன். துடிப்புக்குத் துடிப்பு இடையே உள்ள நேரம் எவ்வளவு மாறுகிறது என்பதைக் காட்டும் கைக்கடிகாரம் ஒன்றையும் அவர்களே தலையில் கட்டியிருந்தார்கள், ஆப்புக்கு மாதச் சந்தா தனி. அந்த எண் கூடினால் நரம்பு மண்டலம் இளமையாகிறது என்று அர்த்தமாம். காலையில் கண் விழித்ததும் சாமியைக்கூடக் கும்பிடாமல் அந்த எண்ணைத்தான் பார்ப்பேன். ஒருநாள் அது இரட்டிப்பாக இருந்தது. மகனுக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினேன். அவன் ஒரு கட்டைவிரலை அனுப்பினான்.

பாதம் மட்டும் அப்படியே இருந்தது. சொல்லப்போனால் மரத்த இடம் விரலிலிருந்து கணுக்காலை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. அதே பெண்ணைக் கூப்பிட்டேன். “காதுக்கு மேல்நரம்பு, பாதத்துக்குக் கீழ்நரம்பு, ரெண்டையும் சேர்த்துப் பண்ணணும் ஐயா” என்றாள். மேல்நரம்பு கீழ்நரம்பு என்றெல்லாம் வைத்தியத்தில் கிடையாது என்பது இப்போது தெரிகிறது. அப்போது தலையாட்டினேன். பாதத்தை வைக்கும் தட்டு மெஷின் ஒன்று வந்தது, இலவச இணைப்பாகக் கணுக்காலில் ஒட்டும் நாலு பேட். தட்டில் காலை வைத்தால் கெண்டைக்கால் துள்ளும். துள்ளுவதைப் பார்க்கும்போது ஏதோ பெரிதாக நடக்கிறது என்றே தோன்றும். ஆனால் அது தசையைச் சுருக்கி விரிக்கும் மின்சாரம். வலியைக் குறைக்கப் பிசியோதெரபியில் பயன்படுத்தும் டென்ஸ் என்பது வேறு, அது உணர்ச்சி நரம்பைத் தூண்டுகிறது. இரண்டுமே செத்துக்கொண்டிருக்கும் நரம்புக்கு உயிர் கொடுக்கிற சமாச்சாரம் அல்ல. சேமிப்பில் கை வைத்து வாங்கிய இந்தத் தட்டு, சந்தா, பேட், ஜெல் எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தம் இரண்டு மாதப் பென்ஷன் போயிற்று.

பேட் பழசாகிவிட்டால் ஜெல் காய்ந்து ஓரம் கிளம்பும். காசு மிச்சம் பிடிக்க நான் அதையே தண்ணீர் தொட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒட்டியிருக்கும் துளி இடத்திலேயே மொத்த மின்சாரமும் குவிந்து இறங்கும் என்பது தெரியாது. சுரீரென்று எதுவும் உணராததால் இன்னும் இரண்டு படி ஏற்றி வைத்தேன். உணராததற்குக் காரணம் கால் மரத்திருந்தது! வலி என்பது உடம்பு வைத்திருக்கும் காவல்காரன், அவன் ஏற்கெனவே தூங்கிவிட்டான், நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை சாக்ஸைக் கழற்றும்போது அது வர மறுத்தது. மெல்ல இழுத்தால் உள்பக்கம் ஈரம். கணுக்காலின் உள்பக்க எலும்புக்கு மேலே ஒரு நாணயம் அளவுக்குத் தோல் வெந்து, கொப்புளம் உடைந்து கிடந்தது. எனக்குச் சர்க்கரை உண்டு. காலில் புண் வந்தால் என்ன ஆகும் என்று கேள்விப்பட்டதெல்லாம் ஒரே நொடியில் கண்முன் வந்தது. அன்றைக்கு அந்தக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். வலியே இல்லாத ஒரு புண்ணைப் பார்த்து அழுதது அதுதான் முதல் தடவை.

கட்டுப் போட்டுக்கொள்ளத்தான் டாக்டரிடம் போனேன். அவர் புண்ணைப் பார்த்துவிட்டு, “இது சுடும்போது தெரியலையா சார்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பிறகு நரம்பியல் டாக்டரிடம் அனுப்பினார். அங்கே மெஷின் எதுவும் இல்லை. கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழை ஒன்றால் உள்ளங்காலில் பத்து இடத்தில் தொட்டார், நான் நாலு இடத்தில்தான் சொன்னேன். இசைக்கவையைத் தட்டிக் கால் கட்டைவிரல் எலும்பில் வைத்தார். “அதிர்வு தெரியுதா?” குளிர்ச்சியாக ஏதோ தொடுவது மட்டும் தெரிந்தது, அதிர்வு இல்லை. மாத்திரைப் பட்டியலைக் கேட்டார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பதினோரு வருடமாக, பிரஷருக்கு இரண்டு, அதில் ஒன்று பீட்டா பிளாக்கர், புராஸ்டேட்டுக்கு ஒரு மாத்திரை ஒரு வருடமாக. பட்டியலிலேயே பாதி விடை இருந்தது. மெட்ஃபார்மினை நீண்ட நாள் சாப்பிட்டால் பி12 வைட்டமின் குறையலாம். பி12 குறைந்தால் நரம்பின் மேலுறை தேய்ந்து பாதத்தில் இப்படித்தான் ஆரம்பிக்கும். இது அபூர்வமில்லை, அடிக்கடி நேரும் பக்கவிளைவுதான் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் எச்சரிக்கையே விட்டிருக்கிறது. இரத்தப் பரிசோதனையில் கீழ் எல்லை 200 என்று போட்டிருந்த இடத்தில் எனக்கு 138. சர்க்கரையும் தன் பங்குக்கு நரம்பைக் கெடுத்திருக்கும், இரண்டும் சேர்ந்த வேலை என்றார். அந்தப் பரிசோதனைக்கு ஆன செலவு, கிளிப்பின் ஆப்புக்கு நான் கட்டிய ஒரு மாதச் சந்தாவைவிடக் குறைவு.

கிறுகிறுப்புக்கும் அப்படியே. ஐந்து நிமிடம் படுக்க வைத்துப் பிரஷர் பார்த்தார், 146. எழுந்து நிற்க வைத்து ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பார்த்தார், 118. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினாலே கணக்கில் எடுக்க வேண்டுமாம். புராஸ்டேட் மாத்திரை இரத்தக் குழாயையும் கொஞ்சம் தளர்த்தும், அதுதான் எழுந்தவுடன் தள்ளாட வைத்திருக்கிறது. மாத்திரையை மாற்றித் தந்தார். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், அது இன்னொரு வம்பு. ஆனால் எழுந்து நின்றால் சுற்றுகிறது என்று சொல்லி, படுத்தும் நின்றும் பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அடுத்து ஈசிஜி. நாடி 52, பீட்டா பிளாக்கரால் மெதுவாகியிருந்தது. இடையிடையே முந்திக்கொண்டு வரும் கூடுதல் துடிப்புகள் இருந்தன, பயப்பட வேண்டாத வகை என்றார். நான் பெருமையாகக் கைக்கடிகாரத்தின் இரட்டிப்பான எண்ணைக் காட்டினேன். சிரிக்காமல் சொன்னார்: “துடிப்பு ஒழுங்கில்லாம வந்தாலும் இந்த எண் ஏறும் சார்.” மகனுக்கு அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட் ஞாபகம் வந்தது.

நடக்கும் பயிற்சிக்காகப் பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார்கள். என் மகள் வயது இருக்கும் (எனக்கு மகள் இல்லை, இருந்தால் என்று வைத்துக்கொள்ளுங்கள்). கிளிப்பைக் கொண்டு வரச் சொல்லி, “எப்படி மாட்டுவீங்க, மாட்டிக் காட்டுங்க சார்” என்றாள். வழக்கம்போலக் கம்மல் குத்தும் சதையில் மாட்டிக் காட்டினேன். குருத்தெலும்பில் வைத்தால் வழுக்கியது, சதையில் சுகமாக நின்றது, போனில் கேட்டபோது “எங்கே நிக்குதோ அங்கே மாட்டுங்க ஐயா, ரெண்டு காதுலயும் மாத்தி மாத்தி” என்றுதான் சொல்லியிருந்தார்கள். கையேட்டில் இடது காது மட்டும் என்று போட்டிருந்ததை நான் படித்தால்தானே. அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னாள்: “அந்தச் சதைக்கு வேகஸ் வராது சார். ஆராய்ச்சி பண்ணும்போது, நிஜச் சிகிச்சையோட ஒப்பிட்டுப் பார்க்க, சும்மா கரண்ட் கொடுக்கிறவங்களுக்கு மாட்டுற இடமே இதுதான்.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதுவே ஓடியது. அப்படியானால் மூன்று வாரம் நான் தூங்கியது? தூங்கியது நிஜம். விளக்கைக் குறைத்ததும், போனைத் தள்ளி வைத்ததும், இருபது நிமிடம் மெதுவாக மூச்சு விட்டதும்தான் காரணமாக இருக்கும் என்றாள் அவள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் விட்டால் வேகஸின் பிடி இதயத் துடிப்பில் நன்றாகவே தெரியும், அதற்குக் கிளிப் எதுவும் வேண்டாம். ‘இவ்வளவு பணம் கொடுத்திருக்கிறேன், வேலை செய்தாக வேண்டும்’ என்ற என் வைராக்கியமும் சேர்ந்திருக்கும். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் இந்தச் சிகிச்சைகளையே தூக்கிப் போடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். வலிக்குத் தண்டுவடத்தில் ஒரு வாசல் இருக்கிறது, அதைச் சாத்த முடியும் என்று மெல்சாக், வால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1965-இல் சொன்ன கோட்பாட்டிலிருந்து டென்ஸ் வளர்ந்தது, சரியான இடத்தில் சரியான ஆளுக்கு வலியைத் தணிக்கும். அடிக்கடி சிறுநீர் அவசரம் வருகிறவர்களுக்குக் கணுக்கால் பக்கமுள்ள நரம்பைத் தூண்டிப் பலன் கிடைக்கிறது. அவள் பக்கத்து அறையிலேயே ஒரு பாட்டிக்கு அதைச் செய்துகொண்டிருந்தாள். முதலில் நோய் எது என்று பார்க்கிறார்கள், அப்புறம்தான் கருவியை எடுக்கிறார்கள். நான் கருவியை வாங்கிவிட்டு அதற்கு ஏற்ற நோயைத் தேடினேன்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே இப்படி ஒன்று வந்துவிட்டது என்றால், இவ்வளவாவது செய்யுங்கள். எல்லா மாத்திரைகளையும் ஒரு தாளில் எழுதி, எத்தனை வருடமாக என்பதையும் பக்கத்தில் எழுதி, கருவியையும் பையில் போட்டு டாக்டரிடம் கொண்டு போங்கள். திட்டுவார் என்று பயந்து மறைக்காதீர்கள், நான் மறைத்தேன். மரத்த தோலில், புண்ணில், கழுத்தின் முன்பக்கத்தில் பேட் ஒட்டாதீர்கள். வயதானவர்களின் தோல் காகிதம் மாதிரி, எடுக்கும்போதுகூடக் கிழியும். பயன்படுத்துவதற்கு முன் அந்த இடத்தில் கூர்மையானதையும் மழுங்கலானதையும் வித்தியாசம் தெரிகிறதா என்று வேறு யாரையாவது விட்டுத் தொடச் சொல்லிப் பாருங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்பதாக இருந்தால் முதல் வாரத்திலேயே எழுத்தில் கேளுங்கள். நான் கேட்டபோது 30 நாள் தாண்டிவிட்டது என்றார்கள். 90 நாள் பொறுக்கச் சொன்னது நீங்கள்தானே என்றேன். “அது ஆலோசனை ஐயா, பாலிசி வேற” என்று பதில் வந்தது. குரல் இப்போதும் அதே பணிவு.

இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் பி12 ஊசி, அப்புறம் இடைவெளி விட்டு. புண் ஆற ஏழு வாரம் ஆனது. ஐந்து மாதம் முன்னால் வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மிச்சம் பிடித்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை மட்டும் ஜீரணிக்க முடியவில்லை. நரம்பு திரும்பி வருவது நத்தை வேகம், எல்லாமே திரும்பும் என்று அவர் உறுதி சொல்லவில்லை. மகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “ஏன்பா எங்கிட்ட சொல்லல?” என்று இரண்டு தடவை கேட்டான், மூன்றாவது தடவை டிக்கெட் போட்டுக் கிளம்பி வந்துவிட்டான். ராத்திரி ஒன்பது மணிக்கு விளக்கைக் குறைத்து நாற்காலியில் உட்காருவதை மட்டும் விடவில்லை. போன வாரம் நரம்பியல் டாக்டர் மறுபடி இசைக்கவையைத் தட்டி வலது கட்டைவிரலில் வைத்து, “நின்னதும் சொல்லுங்க சார்” என்றார். எங்கேயோ தூரத்தில் வண்டு ரீங்கரிப்பது போல எலும்புக்குள் ஏதோ ஓடியது. ஐந்து வரை எண்ணினேன், நின்றது, சொன்னேன். இடது காலில் வைத்தார். அங்கே இன்னும் குளிர்ச்சி மட்டும்தான்.